அபிமானத் துப்பாக்கியும் ஆவாரம்பட்டையும்

1.

சென்ற ஐப்பசியில் என் சிநேகிதரின் துப்பாக்கியை நான் கொன்றேன். இந்தக் கதை எழுதப்படுவதற்கு அது ஒன்றே காரணம். சுட்டுக் கெடுக்கவில்லை, கீழே போடவும் இல்லை. அதற்கு ஓர் அன்பளிப்புக் கொடுத்தேன். அதிலேயே செத்துப்போயிற்று.

ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் நான் கடிதம் எழுதும் குமாஸ்தா. பெயர் பஞ்சாட்சரம். "எங்கள் தோலுக்கு நிகரான தோல் பூமியில் இல்லை" என்று எட்டு வருஷமாக லண்டனுக்கு எழுதி வருகிறேன். லண்டன்காரன் நம்பினானோ இல்லையோ, நான் நம்பிவிட்டேன்.

அதே கிடங்கில் தோல்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர் ஜியாவுல்லா. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிகொண்டா பக்கம் கௌதாரி சுடப் போகிறவர். அவரிடம் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. வேலை விஷயமாக அவர் இரண்டு மாதம் சென்னைக்குப் போக வேண்டியிருந்தபோது, அதற்கு நான் ஓர் உறை செய்து கொடுத்தேன். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய கன்றுத்தோல், கிடங்கிலேயே முதல் தரம். அவசரத்தில் ஈரம் முழுதாக ஆறவில்லை. அதனால் என்ன என்று நினைத்தேன்.

அவர் வீட்டுக்குப் போய், துப்பாக்கியை நானே உறைக்குள் வைத்து, நானே வாரைப் பூட்டினேன். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான் கேட்டார்:

"உள்ள துணி சுத்தி வெக்கலாமாண்ணே?"

"வேணாம்மா. நம்ம தோல் பட்டா இரும்புக்கே பெருமை."

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் அடைமழை. ஜியாவுல்லா திரும்பி வந்து உறையைத் திறந்தபோது குழல் இரண்டும் மை பூசியதுபோல் கறுத்து, அம்மை வார்த்த முகம்போல் குழி குழியாக இருந்தன.

(தொழில் தெரியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. பட்டைச் சாற்றில் ஊறும் தோலில் ஓர் ஆணி பட்டாலும் கறுப்புக் கறை விழும். அதற்காகவே எங்கள் கிடங்கில் இரும்பு வாளியைத் தொட்டிப் பக்கம் விடமாட்டார்கள். இரும்பு தோலைக் கெடுக்கும் என்பது ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியும். தோலும் இரும்பைக் கெடுக்கும் என்று யோசிக்கத்தான் ஒருவரும் இல்லை. தோல் எங்கள் கட்சி அல்லவா.)

ஜியாவுல்லா குழலை விரலால் தடவிப் பார்த்தார்.

"பரவால்ல பஞ்சு. விடு" என்றார்.

மூன்று மாதமாக அதையேதான் சொல்கிறார். "கோவமா?" என்றால், "சேச்சே, சாயா குடி." ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியே போவதில்லை. என்னையும் கூப்பிடுவதில்லை. இந்தக் கதையில் வில்லன் உண்டா என்று கேட்டால், உண்டு. அந்தப் "பரவால்ல"தான்.

2.

கதையை இப்படியெல்லாம் ஆரம்பித்துப் பார்த்தேன்:

1934ஆம் வருஷம் தை மாதம், பாலாற்றங்கரையில் பொழுது புலர்ந்துகொண்டிருந்த

(நிறுத்திவிட்டேன். பாலாற்றங்கரையில் பொழுது புலர்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் மரத்தடியில் ஜமக்காளம் விரித்துத் தூங்குவேன். வேட்டைக் கோஷ்டியில் என் உத்தியோகம், இட்லிப் பொட்டலத்துக்குக் காவல்.)

துப்பாக்கி என்பது மனிதனுடைய மனத்தின்

(இது எங்கே போகிறது என்று எனக்கே பயமாகிவிட்டது.)

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். "வேட்டைப் பிரியர்களும் அவர்களது அபிமானத் துப்பாக்கிகளும்" என்று ஒரு கட்டுரையைச் சென்னைப் பத்திரிகை ஒன்று என்னிடம் கேட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். பத்திரிகைக்கு இந்த விஷயம் தெரியாது. ஊரில் துப்பாக்கி உள்ளவர்களிடம் ஏன் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே போய், நடுவில் ஜியாவுல்லாவிடமும் கேட்டுவிடுவது; அவர் இழந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோபமும் கூடவே வெளியே வந்துவிடும் என்பது என் கணக்கு.

3.

அமீர் பாஷா. ஆவாரம்பட்டை மண்டிக்காரர். மண்டியின் வாசற்படியை அகலப்படுத்தியது மூட்டைகளுக்காக என்று அவர் சொல்லிக்கொள்கிறார். துப்பாக்கி ஒற்றைக்குழல், அரதப் பழசு.

"இதுல இன்னா பாய் உங்களுக்குப் பிடிச்சது?"

"மாமனார் குடுத்தது. பிடிக்கலன்னு சொல்லிட்டு ஊட்டுக்குப் போவ முடியுமா?"

"நெசத்தச் சொல்லுங்க. பத்திரிகைக்கு."

"பத்திரிகைக்கா. அப்ப எழுதிக்க. இதுக்கு வேகம் கம்மி. கௌதாரி மேல ரவை பட்டா விழும், சாவாது. ஓடிப் போய் பிஸ்மில்லா சொல்லி அறுத்துடுவேன். நம்ம தோஸ்துங்க வாங்கற புதுசெல்லாம் ஜாஸ்தி வேகம். மேலயே செத்து விழுது. அறுக்காம செத்தா ஹராம், திங்கக் கூடாது. அத வெச்சி இன்னா பண்றது, அழகு பாக்கறதா?"

(அவர் "ஓடி" என்றதை வாசகர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அமீர் பாஷா கத்தியோடு போய்ச் சேர்வதற்குள் பல கௌதாரிகள் தெளிந்து எழுந்து குடும்பத்தோடு சேர்ந்திருக்கின்றன.)

4.

தானியேல். ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. சின்ன ரைபிள் வைத்திருக்கிறார். உயிரைச் சுடமாட்டார். புளியமரத்துக்கு எதிரே படுத்துக்கொண்டு, தொங்கும் பழத்தைக் காம்பில் சுட்டு விழவைப்பார்.

முதல் பிரதியில் இவரைச் சுடும்போதெல்லாம் கீர்த்தனை பாடவைத்திருந்தேன். படித்துக் காட்டியதும் முகம் சுண்டிவிட்டது.

"நான் எங்க சார் பாடினேன்? மூச்ச அடக்கினாத்தான் குறி நிக்கும். பாடினா புளியம்பழமா விழும், பக்கத்து ஊட்டு ஓடுதான் விழும்."

பாட்டை எடுத்துவிட்டேன். எடுத்ததும் ஆள் மெலிந்துபோனார். இவர் கதைக்குத் தேவையா என்றுகூட ஒரு வாரம் யோசித்தேன். பிறகு அவர் சொன்ன காரணத்துக்காக வைத்துக்கொண்டேன்:

"இதுல சத்தம் கம்மி சார். நான் சுட்டா பக்கத்துக் கெளையில காக்கா கூட எழுந்திருக்காது. பார்சல் ஆபீஸ்ல நாள் பூரா என்னைப் பாத்துக் கத்தறாங்க. யாரையும் பேஜார் பண்ணாம ஒரு காரியம் செய்ய முடியுதே, அது போதும்."

பாருங்கள். கேட்டால் சொல்கிறார்கள்.

5.

ஜியாவுல்லா.

"துப்பாக்கிப் பூட்டு மேல ஒரு கௌதாரி செதுக்கியிருக்கும், பாத்திருப்பியே" என்றார். "அதான். அழகு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். சாயா குடி."

பொய். அந்தக் கௌதாரியை நானும் பார்த்திருக்கிறேன். கால் முளைத்த கத்தரிக்காய். அதற்காக ஒருவர் பதினோரு வருஷம் ஒரு துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கமாட்டார். பேசிக்கொண்டே கையிலிருந்த தோலை வெளிச்சத்தில் பார்த்து மூன்றாம் தர அடுக்கில் போட்டார். அது முதல் தரம். ஜியாவுல்லா தரம் மாற்றிப் போட்டு எட்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அவர் போனதும் எடுத்துச் சரியான அடுக்கில் வைத்தேன். குமாஸ்தா செய்யக்கூடாத வேலை அது.

6.

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) வேலூரில் ஒரு கைதேர்ந்த ரிப்பேர்காரர் துப்பாக்கியைப் புதுசாக்கிக் கொடுத்துவிடுகிறார்.

(கொண்டுபோய்க் காட்டினோம். குழலுக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத இனிமே சுடாதீங்க சாயபு. பொளந்தா மூஞ்சிலதான் பொளக்கும். செவுத்துல மாட்டிக்கங்க" என்றார். ஆகவே இந்த முடிவு, சுத்தமான கற்பனை.)

ஆ) குற்றவாளி புதுத் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கிறான். சிநேகிதர்கள் தழுவிக்கொள்கிறார்கள்.

(அதே நாள் அதே வேலூரில் சிநேகிதரைத் துப்பாக்கிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஜியாவுல்லா வழக்கம்போல் இடது தோளில் வைத்துப் பார்த்தார். அவர் இடது தோளில் சுடுவது எங்கள் கோஷ்டியில் பழைய கேலி. ஒவ்வொன்றாக ஐந்து துப்பாக்கிகளை எடுத்தார், கன்னத்தைச் சாய்த்தார், கீழே வைத்தார். "வேணாம் பஞ்சு, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். பஸ்ஸுக்கு ஒருமணி நேரம் இருந்தது.)

இ) இரண்டு பேரும் பாலாற்று மணலில் நிற்கிறார்கள். ஒருவர் வாயைத் திறக்கிறார். என்ன சொன்னார் என்பதை வாசகரே நிரப்பிக்கொள்ள வேண்டியது.

மூன்றாவதுதான் நாகரிகமானது என்று தோன்றியது. பாரத்தை உங்கள் தலையில் வைத்துவிட்டு நான் கைகழுவி விடலாம். அதற்கு முன் ஒரு மரியாதைக்காக எல்லாவற்றையும் ஜியாவுல்லாவுக்குப் படித்துக் காட்டினேன்.

7.

மத்தியான இடைவேளை. தோல் காயும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். அமீர் பாஷா ஓடுகிற இடத்தில் ஜியாவுல்லா குலுங்கிச் சிரித்தார். ஐந்தாம் பகுதியைக் கேட்டபோது, "அந்தத் தோல எடுத்து வெச்சது நீயா?" என்றார். முடிவுகள் மூன்றையும் படித்து முடித்தேன்.

"எந்த முடிவு தேவலாம்?" என்றேன்.

"மூணும் வேணாம். அந்தப் பூட்டுக் கௌதாரிய மொதல்ல அடிச்சிடு. அதுக்காக இல்ல."

எழுதுகோலை எடுத்தேன்.

"மதரசாவுல என் எடது கைய துணியால கட்டிப் போட்டாங்க. ஊட்ல சோத்துல எடது கை பட்டா அடி. இங்க கத்திரியிலேந்து சொரண்டற கத்தி வரைக்கும் வலது கைக்காரனுக்குத்தான். எல்லாத்தையும் வலது கைக்குப் பழக்கிக்கிட்டேன், பஞ்சு. நான் எடக்கைக்காரன்னு என் பொஞ்சாதிக்கே ஒரு வருஷம் கழிச்சித்தான் தெரியும். அப்ப வேலூர்ல சீமைக்குத் திரும்பிப் போற ஒரு தொரை சாமானெல்லாம் வித்தாரு. அந்தத் துப்பாக்கியத் தூக்கி எடது தோள்ல வெச்சேன். கன்னம் தானா போய் ஒக்காந்துச்சி. கன்னம் வெக்கற கட்டை லேசா எடது பக்கம் வளைஞ்சிருக்கு. அந்தாளும் என்னாட்டந்தான் போல. கடையில அஞ்சி பாத்தேனே, அஞ்சும் வலப்பக்கம். ஒலகத்துல என் கையத் திருத்த வராத சாமான் அது ஒண்ணுதான்."

எட்டு வருஷமாக அந்தத் தோளைக் கேலி செய்தவர்களில் குரல் உரக்க இருந்தது என்னுடையது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஜியா," என்றேன். "சாயா வேணாம். என் மேல கோவமா இல்லியா?"

"கோவந்தான்" என்றார். "நெறைய இருக்கு. பரவால்லன்னு சொன்னதெல்லாம் பொய். எப்பப் போவும்னு எனக்குத் தெரியாது. இதத்தான் கடைசியில எழுதணும், படிக்கறவங்க தலையில கட்டாத. ஞாயித்துக்கிழம விடியக்காலம் அஞ்சி மணிக்கு வந்துடு. அமீர் பாய் சுடட்டும். நீ ஓடிப் போய்ப் புடி, நான் வந்து அறுக்கறேன்."