எது கேட்டாலும் யெஸ்

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாகலெட்சுமி கையைத் துடைக்கும்போது கடையில் அவள் செல்போன் அடித்தது. சிக்கல் ஊர்க் குடோனிலிருந்து நாத்தனார் செவ்வந்தி. அவள் அழுதுகொண்டு கூப்பிடுவாள் என்று காலையிலிருந்தே காத்திருந்தாள் நாகலெட்சுமி. அதற்காகவே கொஞ்ச நேரம் அடிக்கவிட்டாள்.

மாமனார் தனுஷ்கோடிக்கு மிளகாய் வியாபாரம். விற்பனை இராமநாதபுரம் கடையில், விவசாயச் சம்சாரிகள் கொண்டுவந்து போடும் மூட்டைகள் சிக்கல் குடோனில். யார் எத்தனை மூட்டை போட்டார், அது எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதெல்லாம் குடோன் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது செவ்வந்தி. நாகலெட்சுமி மதுரையில் கோர்ஸ் படித்தவள் என்பதால் கம்ப்யூட்டரில் எது பிசகினாலும் அவள் தலையில் விழும். போன வருஷம் அவள் போனில் சொல்லச் சொல்லச் செவ்வந்தி எதையோ மாற்றி அமுக்கிவிட்டு, மதினி அதைச் சொல்லவே இல்லை என்று நழுவிக்கொண்டாள். ஏச்சு வாங்கியது நாகலெட்சுமி.

அதனால்தான் இந்த வருஷம் புது சாப்ட்வேர் வந்ததும், அதைப் போடும் விதத்தை இருபது பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். பிளக்கைச் செருகுவதில் தொடங்கி, சிடியின் பளபளப்பான பக்கம் கீழே இருக்கவேண்டும், மவுஸின் வால் முன்னால் போகவேண்டும் என்று ஒன்றையும் விடவில்லை. உதவி செய்யவா எழுதினாள்? சொல்லவில்லை என்று இனி அந்த வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். செவ்வந்திக்கு அது புரியாமலா போகும்? குலசாமி பொங்கலன்று சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, தாள்களைப் பிரித்து உரக்க வாசித்தாள்.

"மூச்சு எந்த மூக்குல விடணும்னு போடலையே மதினி?"

எல்லாரும் சிரித்தார்கள். நாகலெட்சுமியின் புருஷனும் சிரித்தான், அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. ஒரு தாளுக்கு மேல் போனால் யார் படிப்பது, சுருக்கமாக எழுதிக் கொடு என்று மாமனார் முடித்துவைத்தார்.

அவள் அரைத் தாளில் எழுதினாள். சிடியைப் போடவும். நெக்ஸ்ட் கொடுக்கவும். எது கேட்டாலும் யெஸ் கொடுக்கவும். பழைய கணக்கை அழிக்கலாமா என்று நடுவில் ஒரு கேள்வி வரும். அதற்கு நோ கொடுக்கவேண்டும் என்பதை அந்த இருபது பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். அரைத் தாளில் அது இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. பேனாவை மூடிவைத்து, நன்றாக யோசித்துத்தான் விட்டாள். படட்டும் என்று நினைத்தாள்.

குடோனில் இன்றைக்குத்தான் அந்தச் சிடியைப் போடுகிறார்கள். போனை எடுத்தாள். அழுகையைக் காணோம்.

"மதினி, தாள்ல இருக்க மாதிரியே செஞ்சுக்கிட்டு வாரேன். பழைய கணக்க அழிக்கவான்னு இங்கிலீசுல கேக்குது. யெஸ்ஸு குடுத்துரவா?"

அதான் எழுதியிருக்கிறேனே என்று வெடுக்கென்று சொல்ல நினைத்தாள் நாகலெட்சுமி. அதற்குள் செவ்வந்தியே தொடர்ந்தாள்.

"தாள அய்யா கையில வச்சிருக்காக. மூட்ட போட்ட ஆளுகளும் இங்கனதான் நிக்காக. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன். நீங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, அமுக்கிர்றேன்."

நோ என்றால், தெரிந்தே தப்பாக எழுதினாய் என்று அத்தனை பேரும் கேட்பார்கள். யெஸ் என்றால், ஊர்ச் சம்சாரிகளின் வெள்ளாமைக் கணக்கு அவள் வாய்ச்சொல்லில் அழியும். செவ்வந்தி மேல் அவளுக்கு இதுவரை இருந்ததெல்லாம் ஒரு கோபமே இல்லை என்று தோன்றியது. சிவப்பு மையில் எழுதியிருந்ததையும் வாசித்தவள்தானே இவள். இப்போதுதான் உடம்பெல்லாம் எரிந்தது.

போனுக்குள் கீ, கீ என்று சத்தம் கிளம்பியது. குடோனில் கரண்டு போய் யூ.பி.எஸ். கத்துகிறது.

"ரொம்ப நேரம் தாங்காது மதினி," என்றாள் செவ்வந்தி, நிதானமாக. "சொல்லுங்க."

மாமனார் கையில் தாள் சரசரப்பது கேட்டது. மிளகாய் நெடி ஏறி யாரோ அடுத்தடுத்துத் தும்மினார். தும்மல் நின்றதும் அதே ஆள், "ஏத்தா, எம்மூட்டைக்கு எதும் ஆயிருச்சா?" என்று கேட்டார். நாகலெட்சுமி போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தாள். யூ.பி.எஸ். கீ, கீ என்று கத்திக்கொண்டே இருந்தது.