ஜன்னலுக்கு இரண்டரை அங்குலம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு துணி டேப்பிலிருந்து கிடைத்தது. தையல்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த டேப். அறுபது அங்குலம். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது என் மேசைமேல் சுருண்டு கிடக்கிறது. அது எப்படி இங்கே வந்தது என்பதை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். பிறகு சொல்கிறேன்.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"சொந்த வீடு என்பது ஒவ்வொரு மனிதனின் வாழ்விலும்" (வேண்டாம். சிமெண்ட் விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

"ஜன்னல் வழியே காலை வெயில் இறங்கி வந்து" (ஜன்னலே இன்னும் நிச்சயமாகவில்லை. அதுதானே கதை.)

"ஒரு தையல்காரர் வீடு கட்டினார்."

இதில் பொய் இல்லை. எனக்கு அது பழக்கமில்லாத விஷயம் என்றாலும் வைத்துக்கொள்வோம்.

2

ஒரு தையல்காரர் வீடு கட்டினார். அதற்குமுன் அவரும் மனைவியும் பதினொரு வாடகை வீடுகளில் இருந்தார்கள். பதினொன்றிலும் ஜன்னல்கள் உண்டு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். ஒரு வீட்டில் அந்தச் சுவர் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்றால், தையல்காரர் தும்மினால் அடுத்த வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.*

தையல்காரரின் மனைவிக்குக் காஜா போடும் வேலை. கோட்டுகளுக்கும் நல்ல சட்டைகளுக்கும் பொத்தான் துளையைக் கையால் சுற்றித் தைக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக ட்யூப்லைட்டுக்குக் கீழே தைத்தார். கடைசி இரண்டு வருடமாகத் துணி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

இன்ஜினீயர் வரைபடத்தை விரித்தபோது மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மத்ததெல்லாம் நீங்க எப்படி வேணா வெச்சுக்கங்க. இந்த எடத்துல எனக்கு ஒரு ஜன்னல். பெருசா."

சொன்னதோடு நிற்காமல், நீலத் தையல் சாக்பீஸால் வரைபடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டார். நகர அலுவலகத்துக்குப் போன ஐந்து நகல்களில் ஒன்றில் அந்த நீலக்கோடு இன்னும் இருக்கிறது.

அலுவலகம் வரைபடத்தை நாலு தடவை திருப்பி அனுப்பியது. ஒரு தடவை மழைநீர்க் குழியின் ஆழம் எழுதவில்லை. ஒரு தடவை குளியலறைக் காற்றுத்துளை ஒரு விரல் சின்னது. ஒரு தடவை வடக்கு இல்லை. "வடக்கு எங்க?" என்று குமாஸ்தா கேட்க, தையல்காரர் மரியாதையாக வாசல் பக்கம் கையைக் காட்டினார். அது பேப்பரில் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. நாலாவது தடவை, நகல்கள் தனித்தனியாகப் பிரிந்து வந்ததாகக் குற்றம். தையல்காரர் ஐந்தையும் வீட்டுக்கு எடுத்துப்போய் மெஷினில் கொடுத்து இரட்டைத் தையல் போட்டுக் கொண்டுவந்தார். அந்த அலுவலகத்தில் கூரையில் ஓட்டை விழுந்து மழை பெய்தபோது, மிதந்து போகாமல் ஒரே துண்டாக மிஞ்சிய கோப்பு அது ஒன்றுதான்.

(* இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அந்த அடுத்த வீட்டுக்காரரின் கைக்குட்டையைப் பார்த்திருக்கிறேன்.)

3

இனி தவறு நடந்த இடம். இதைக் கவனமாக எழுத வேண்டும். தையல்காரரை முட்டாளாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் முட்டாள் இல்லை.

அஸ்திவாரத்துக்குக் கோடு போடும் நாள். மேஸ்திரி இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை உருவினார். தையல்காரர் அதன் முனையிலிருந்த கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரி, உங்க டேப்புக்கு முனை ஆடுது."

"அது ஆடத்தாண்ணே செய்யும். செய்யறப்பவே அப்படித்தான் செய்யறான்."

"ஆடறத வெச்சு என் வீட்டக் கட்டச் சொல்றீங்க?"

மேஸ்திரி சொன்னது உண்மை. வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் கணக்கு சரியாக வருவதற்காக, அந்தக் கொக்கி தன் தடிமன் அளவுக்கு நகர வேண்டும். இதை அவர் விளக்கவும் விளக்கினார். தையல்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் கழுத்திலிருந்து துணி டேப்பைக் கழற்றினார்.

"முப்பத்தொரு வருஷம். இதுல ஒரு கால்சட்டை தப்பினதில்ல."

வீட்டுக்காரர் சொன்னால் சரி என்று மேஸ்திரி தோளைக் குலுக்கிவிட்டார். மேற்கு எல்லைக் கல்லிலிருந்து மூன்றடி விட்டு, இருபத்திரண்டு அடி அகல வீடு, ஐந்தைந்து அடியாக, அந்தத் துணி டேப்பால் அளக்கப்பட்டது. தையல்காரர் ஒவ்வொரு முனையிலும் குண்டூசி குத்துவதைப் போல ஆணி அடித்தார். அவ்வளவு நேர்த்தியாக அளக்கப்பட்ட அஸ்திவாரத்தைப் பார்த்ததே இல்லை என்று மேஸ்திரியே பிறகு சொன்னார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

4

வீடு எழும்பியது. சுவர் பூசி, கதவு மாட்டி, நிறைவுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டார்கள். ஒரு காலை கட்டட ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுப் பெண், தலையில் ஹெல்மெட், கையில் அட்டை. தையல்காரரின் கண்ணில் முதலில் பட்டது அவருடைய சட்டையின் கைக்குழி. கோணலாக வெட்டியிருந்தார்கள். சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. சான்றிதழ் வரட்டும் என்று அடக்கிக்கொண்டார்.

ஆய்வாளர் படிகளின் உயரத்தை அளந்தார். சரி. காற்றுத்துளை, மழைநீர்க் குழி, மாடிக் கைப்பிடி, எல்லாம் சரி. கடைசியாகக் கிழக்குப் பக்கம் போய், ஜன்னல் சுவருக்கும் எல்லைக் கல்லுக்கும் நடுவில் இரும்பு டேப்பை நீட்டினார். நீட்டியவர் மறுபடி நீட்டினார்.

"மூணடி ஒம்பதரை இஞ்ச்தாங்க இருக்கு. நாலடி வேணும்."

"இந்தப் பக்கம் நாலடி மிஞ்சற மாதிரிதான் மேடம் நானே அளந்தேன்."

"எதால அளந்தீங்க?"

துணி டேப்பை வாங்கி, ஜன்னல் திட்டில் தன் டேப்புக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தார் அவர். துணி டேப்பின் அறுபது, இரும்பு டேப்பின் அறுபதைத் தாண்டி அரை அங்குலம் வெளியே நின்றது.

முப்பத்தொரு வருடக் கழுத்து வியர்வை, இஸ்திரி ஆவி, இழுப்பு. டேப் நீண்டுபோயிருந்தது. கால்சட்டைகள் ஏன் தப்பவில்லை என்றால், ஆளை அளந்ததும் அதே டேப், துணியை வெட்டியதும் அதே டேப். இரண்டும் ஒரே மாதிரி பொய் சொன்னால் அது உண்மையாகிவிடுகிறது. நிலத்தை மட்டும் வேறு யாரோ அளந்திருந்தார்கள்.

தையல்காரர் இரண்டு டேப்புகளையும் தானே ஒரு தடவை இழுத்து வைத்துப் பார்த்தார்.

"துணின்னா உள்மடிப்புல கொஞ்சம் புடிச்சிடலாம் மேடம்."

"செங்கல்லுக்கு உள்மடிப்பு இல்லீங்களே" என்றார் ஆய்வாளர், கொஞ்சம் வருத்தத்தோடுதான். பிறகு விதியைச் சொன்னார். ஜன்னல் இல்லாத சுவர் என்றால் மூன்றடி போதும். ஜன்னல் வைத்தால் நாலடி. ஆகவே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம், அன்றைக்கே சான்றிதழ். இல்லாவிட்டால் பக்கத்து மனைக்காரர், சுவரை ஒட்டி இரண்டரை அங்குலத்தை என்றைக்கும் எதுவும் கட்டாமல் திறந்தவெளியாக விடுகிறேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அலுவலகம் அதை ஏற்றுக்கொள்வதுண்டு. பதினைந்து நாள் தவணை.

மனைவி ஜன்னலுக்கு உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பையிலிருந்த ஒரு கோட்டை எடுத்து, அந்த வெளிச்சத்தில் ஒரு காஜாவை ஆரம்பித்தார். துணி மூக்குக்கு வரவில்லை, மடியிலேயே இருந்தது.

5

பக்கத்து மனைக்காரர்.

இந்தப் பாத்திரம்தான் எனக்குச் சரியாக அமையவில்லை. வயதானவர். மனையின் மறு ஓரத்தில் ஒரே ஓர் அறை, அதைத் தவிர எதையும் கட்டவில்லை. நடுவில் ஒரு நாற்காலி போட்டு மாலையானால் உட்கார்ந்திருப்பார். இரண்டரை அங்குலத்தை வைத்து அவர் என்ன செய்யப்போகிறார்? பூனைகூடப் படுக்க முடியாது. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. ஏன்?

பேராசைக்காரர் என்று எழுதிப் பார்த்தேன். அவர் தையல்காரரிடம் எதுவும் கேட்கவில்லையே. பழைய பகை என்று எழுதினேன். தையல்காரரோடு பகை கொள்வதற்கு ஆளே கிடைக்கவில்லை. சட்டம் தெரிந்தவர், எதிர்காலத்தில் தன் பேரன்கள்  [பேரன்கள் இல்லை. அடித்துவிடவும்.]

நடந்ததை மட்டும் சொல்கிறேன். தையல்காரர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல் நாள் மாலை போனார். கிழவர், உட்காருங்க என்றார். ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். அவர் முன்பு வேலை பார்த்த கட்டடத்தில் ஏழாவது மாடியை வரைபடத்தில் எழுத மறந்துவிட்டார்களாம். அனுமதி இல்லாத மாடி, ஆகவே அதில் இருந்தவர்களும் சட்டப்படி இல்லை. அவர்களுக்குத் தபால் வராது. லிஃப்ட் அங்கே நிற்காது. ஒரு நாள் ஒரு ஆள் தெரியாத்தனமாக ஏழாம் எண்ணை அழுத்திவிட்டான். இங்கே கிழவர் நிறுத்திக்கொண்டார். இருட்டப்போகுது, மிச்சத்த நாளைக்கு வெச்சுக்கலாம்.

காரியம் ஆக வேண்டியவர் என்ன செய்வார்? மறுநாளும் போனார். கதையின் நடுவே வேறொரு கதை முளைத்தது. நாலாவது நாள் தையல்காரர் ஒரு பெரிய தவறு செய்தார். படிவத்தை எடுக்க மறந்து, உண்மையிலேயே ஆர்வமாக முன்னால் சாய்ந்து, "அப்புறம்?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கிழவரிடம் அப்புறம் என்று யாரும் கேட்டுப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

6

பதிமூன்று மாலைகள் போயின. இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. கைவசம் இருக்கும் முடிவுகள்:

(அ) ஜன்னலை அடைத்துவிடுகிறார்கள். மேஸ்திரி செங்கல் வைக்கிறார். மனைவி கீழே உட்கார்ந்து, வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாகக் குறைவதைப் பார்க்காமல் தைக்கிறார். சோகமான முடிவு, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை எழுத உட்கார்ந்தால் பேனா நகரமாட்டேன் என்கிறது.

(ஆ) ஆய்வாளர் மறுபடி வந்து டேப்பை நீட்டும்போது, வீடு மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை எக்கிக்கொள்கிறது. சரியாக இரண்டரை அங்குலம். அவர் குறித்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும் மூச்சை விடுகிறது. கதவுகளெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. இதை நம்பாதவர்கள் கால்சட்டைக்கு அளவு கொடுத்ததே இல்லை என்று அர்த்தம்.

(இ) ஆய்வாளர், தன் சட்டையின் கைக்குழியைச் சரிசெய்து தந்ததற்காக மனமிரங்கி  [இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.]

7

இனி மறைத்துப் பயனில்லை. அந்தப் பக்கத்து மனைக்காரர் நான்தான்.

பாதியில் நீங்கள் சந்தேகப்பட்டிருப்பீர்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. நாளைக்கு என்றுதான் சொன்னேன். போட்டுவிட்டால் அதற்கடுத்த நாள் மாலை யார் வருவார்கள்?

பதினாலாவது நாள், நேற்று, தையல்காரர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். கையில் படிவம் இல்லை. தோளில் குத்திய ஊசியில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சமாகக் கிடந்த செங்கல்மேல் உட்கார்ந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவர் என் சட்டைக் கையைப் பார்த்தார்.

"பொத்தான் தொங்குது. கைய நீட்டுங்க."

நீட்டினேன். தோளிலிருந்து உருவியபோது ஊசியிலிருந்து நூல் கழன்றுவிட்டது. மறுபடி கோர்க்க அதை வானத்துக்கு நேரே பிடித்தார். மூன்று தடவை தப்பியது. வெயில் இருக்கும்போதே மூன்று தடவை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். நாலாவது தடவை கோர்த்து, சட்டையை நான் கழற்றாமலே பொத்தானைத் தைத்தபடி பேசினார்.

"அந்த லிஃப்ட்ல போனவன் ஏழாவது மாடில எறங்கினானா இல்லையா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவர் வந்து தினமும் ஒண்ணு விடாம சொல்லுவாரு. சொல்லத்தான் வராது அவருக்கு. எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தாம இழுத்துடுவாரு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பெரியவரே, அந்த ஜன்னல் உங்க பக்கந்தான் தொறக்குது. இந்த நாற்காலிக்கு நேரா. காஜா போடறவளுக்குக் கைக்கும் கண்ணுக்குந்தான் வேலை. காது நாள் பூரா சும்மாதான் கெடக்கு. செங்கல் வெச்சு அடைச்சுட்டா நீங்க செவுத்துக்குத்தான் கதை சொல்லணும். அது அப்புறம்னு கேக்காது."

எழுந்து புடவையில் ஒட்டிய செங்கல் தூளைத் தட்டிக்கொண்டார். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எறங்கினானா?" என்றார் மறுபடி.

"ஜன்னல் நிலைக்கட்டும், சொல்றேன்."

8

இப்போது காலை. ஆய்வாளர் பத்து மணிக்கு வருகிறார். விடிந்ததும் தையல்காரர் வந்து படிவத்தை என் மேசையில் வைத்தார். அது பறக்காமலிருக்கத் துணி டேப்பைக் கழற்றி அதன்மேல் வைத்தார். திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்களே வெச்சுக்கங்க பெரியவரே. இனிமே இதால என்னால எதையும் அளக்க முடியாது. உங்க கதைக்கெல்லாம் இதுதான் சரியா இருக்கும்."

முகத்தில் சிரிப்பே இல்லை. பதினாலு நாளில் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்.

அலுவலகம் படிவத்தை ஏற்குமா, ஆய்வாளர் என்ன சொல்வார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி எழுதவும் போவதில்லை. என் வேலை ஒரு வரி. இதோ, பேனாவைத் திறக்கிறேன். பொத்தான் தைத்த கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. கவனமாகப் பாருங்கள், போடுகிறேன்.

போட்டாயிற்று.

ஆனால் கீழே இன்னொரு வரி இருக்கிறது. கையெழுத்து இடப்பட்டதை நேரில் பார்த்தவர், இரு தரப்புக்கும் உறவினர் அல்லாதவர் என்று அச்சடித்திருக்கிறார்கள். தையல்காரர் கடை திறக்கப் போய்விட்டார். மேஸ்திரி அவருக்கு மைத்துனர் முறை, இதை முன்பே சொல்ல மறந்துவிட்டேன். இந்த அறையில் வேறு யாருமில்லை. பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வாழ்நாள் முழுக்கப் புளுகிய கிழவன் சொல்வதை நம்பி எப்படிப் போடுவது என்று யோசிக்கிறீர்கள். நியாயம்தான். யோசியுங்கள். ஒன்பது மணி ஆகிறது. எதிரே அவர்கள் வீட்டுச் சுவரில் ஜன்னல் திறந்திருக்கிறது, உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது. பேனா டேப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சாட்சி: ......................................