சனிக்கிழமைப் பத்து ரூபாய்

சந்தியாகப்பர் திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கையில், வேதநாயகம் நீட்டிய பத்து ரூபாய் நோட்டை அகமது கபீர் வாங்காமல் தள்ளிவிட்டார். கடன் கொடுத்தவர் தவணையை மறுத்தால் அவனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். அவன் மீன்பிடிக்கும் படகை, அந்த வத்தையைப் பிடிக்கப் போகிறார்.

அந்தப் பாய்மர வத்தை வாங்க எழுநூற்று இருபது ரூபாய் கொடுத்தவர் அவர்தான். பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறவர். வட்டி தங்கள் மார்க்கத்தில் ஹராம் என்று முதலை மட்டும் கேட்டார். ஐம்பத்தைந்து அக்டோபர் தொடங்கி மாதம் இருபது ரூபாய், முப்பத்தாறு மாதம் என்று பேச்சு.

அவன் மனைவி ஞானப்பூ அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கரையில் பங்கு பிரித்துக் காசு கைக்கு வருவது சனிக்கிழமைதான். மாதக் கடைசி வரை அது அவன் மடியில் தங்கும் என்று நம்ப அவள் தயாராக இல்லை.

"ஒரு சனி விட்டு மறு சனி பத்துப் பத்தாக் கொடுத்துருங்க. சீலையில முடிஞ்சு வச்சாலும் மோப்பம் பிடிச்சு எடுத்துருவீக."

"பத்தும் பத்தும் இருபதுதானடி. ரெண்டு தடவை நடக்குறது என் காலுல்ல?"

"நடங்க. தொப்பையாவது குறையும்."

நடந்தான். மீன் படாத வாரங்களில் ஞானப்பூ பனையோலைப் பெட்டி முடைந்து விற்றுப் பத்தை நிரப்பினாள்.

திருவிழாவன்று வத்தைகள் கடலில் பவனி போகும். கடன் தீர்ந்தவை சந்தியாகப்பர் சிலையை, அந்தச் சுருபத்தை ஒட்டி முன்வரிசையில், மற்றவை பின்னால். அது ஊர் வழக்கம். இரண்டு வருடமாகப் பின்னால் போன வேதநாயகத்தைப் பார்த்து, "மச்சான், சுருபம் தெரியுதா, என் முதுகுதான் தெரியுதா?" என்று மைத்துனன் சகாயம் கத்துவான். செப்டம்பரில்தான் கடன் தீரும். இந்த வருடமும் அந்த முதுகுதான் என்று அவன் நினைத்திருந்தான். இப்போது வத்தையே போகும்போல இருந்தது.

"மரைக்காயரே, ஒரு தவணையும் தப்பலையே! கட்ட இன்னும் மூணு மாசம்தான் இருக்கு..."

"ஒண்ணும் இல்லைவே. எழுபத்திரண்டு பத்து கொடுத்துட்டீரு. போன தவணையோட தீந்துபோச்சு. இந்தப் பத்தை வாங்குனா எனக்குத்தான் ஹராமு."

"அதெப்படி?"

"எனக்கு மாசம் முப்பது நாளு. பதினாலு நாளைக்கு ஒரு பத்துன்னு கட்டுற உம்ம வீட்டு மாசம் இருபத்தெட்டு நாளுல்ல? வருசத்துக்கு ஒரு மாசம் கூடக் கட்டிருக்கீரு, உமக்கே தெரியாம!" கபீர் வயிறு குலுங்கச் சிரித்தார். கடன் சீட்டை எடுத்து அவன் கண் முன்னால் கிழித்தார்.

வேதநாயகம் வீடு வரைக்கும் ஓடினான். அவன் கையில் நோட்டைக் கண்டதும் ஞானப்பூ முகம் மாறியது.

"கட்டாமத் திரும்பி வந்துட்டீகளா? சீட்டாடப் போறீகளா?"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தான். அவள் விரல்களை மடக்கிச் சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்படி அவள் சிரித்து, அதற்கு முன்னும் அவன் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஜூலை இருபத்தைந்தாம் தேதி திருவிழாவில் அவனுடைய வத்தை முன்வரிசையில், சுருபத்துக்கு எட்டிவிடும் தூரத்தில் போனது. வத்தையின் முன்முனையில், அணியத்தில் ஞானப்பூ உட்கார்ந்திருந்தாள். சாமியார் தெளித்த தீர்த்தம் பாதிக்கு மேல் அவள் முகத்தில்தான் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவே இல்லை.