சதாராவில் விழுந்த சாவிகள்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை ஃபியோனா துடைத்துக்கொண்டிருந்தபோது கீழே வண்டிச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, முப்பது நாற்பது இருக்கும். புனேயை ஒட்டிய நிக்டியில் அந்தக் காலனி முழுக்க ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மதியத் தூக்கத்தில் இப்படி ஒரு இரைச்சலை யாரும் பொறுக்க மாட்டார்கள். இன்று பொறுத்துக்கொண்டார்கள். அவள் அப்பா ஜெயசீலன் முந்தின நாள் காலையில் இறந்திருந்தார். நாலு மணிக்கு அடக்கம்.

வந்தவர்கள் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளை விடாமல் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள். கோலாப்பூர், நாசிக், சதாரா என்று ஊருக்கு ஒரு கிளப். வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் இதை ஆரம்பித்தவர்களில் அப்பாவும் ஒருவர். அடுத்த கூட்டம் எந்த ஊரில் என்பதற்கு ஓட்டு உண்டு. சீட்டெல்லாம் கிடையாது, சாவிதான். ஊருக்கு ஒரு ஹெல்மெட்டை மல்லாத்தி வைப்பார்கள். அவரவர் வண்டிச் சாவியை வேண்டிய ஹெல்மெட்டில் போட வேண்டும். சொந்த வண்டியில் சாலை வழியாக வந்து சேர்ந்தவருக்குத்தான் அந்த உரிமை. ரயிலிலோ பஸ்ஸிலோ வந்தவர் டீயைக் குடித்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம்.

இந்த விதியை எழுதியதே அப்பாதான். ஒருமுறை கலியன் அங்கிள் காலில் மாவுக்கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கியபோது, அவர் சாவியை ஹெல்மெட்டிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தவரும் அப்பாதான்.

பிறகு அப்பாவுக்கே பக்கவாதம் வந்தது. புத்தியும் வந்தது. ஓட்ட முடியாதவர்கள் இன்னொருவரிடம் சாவியைக் கொடுத்தனுப்பலாம் என்று விதியை மாற்றச் சொல்லி இடது கையால் கிளப்புகளுக்கு எழுதினார். புனே கிளப்பில் பாதிப் பேர் அவரைப் போல வீட்டோடு இருப்பவர்கள். அந்தச் சாவிகளும் சேர்ந்தால் ஒரு வருடமாவது கூட்டம் புனேயில் நடக்கும், சக்கர நாற்காலியிலாவது போய் அந்தப் புகைக்கு நடுவில் ஒருநாள் உட்காரலாம். அவர் ஆசை அவ்வளவுதான்.

போன பிப்ரவரியில், சதாரா கூட்டத்தில் அது ஓட்டுக்கு வந்தது. "நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கிடுதேன். ஒரு சாவி கணக்குல வரும்லா" என்று அப்பா கேட்டார். பதினாறு வயதில் தன்னுடைய அந்தப் பழைய யெஸ்டி பைக்கில்தான் அவளுக்கு ஓட்டப் பழக்கியிருந்தார். ஃபியோனா முடியாது என்றாள். திருத்த வேண்டிய பேப்பர் கட்டுகளைக் காரணம் காட்டினாள். வழியில் விழுந்துவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. அதைவிட, கிழவர்களின் விளையாட்டுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட அவளுக்கு மனசில்லை.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் செயலாளர் கலியன் சதாராவிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தார். ஒரே ஒரு சாவி போதாமல் தோற்றுவிட்டது.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு பதினோரு மாதம் தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவைத்தான் கேட்டார். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் ஃபியோனா கையைப் பிடித்தபோது மெதுவாக உருவிக்கொண்டார். அம்மா வேதமணியும் ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஒரு ஞாயித்துக்கெழம போயிருந்தா என்னட்டி கொறஞ்சிருக்கும்?"

கலியன் மாடிக்கு வந்து, பெட்டி அருகே நின்று வாய்விட்டு அழுதார். பிறகு ஃபியோனாவைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்பது வண்டிகள் ஓரிடத்தில் வந்து நின்றால் விதிப்படி அது பொதுக்கூட்டம், கீழே நாற்பத்துமூன்று நிற்கின்றன, அண்ணன் கேட்ட மாற்றத்தை இப்போதே ஓட்டுக்கு விடலாமா என்றார்.

"நாங்க அண்ணனுக்குப் போடுற மாலை இதுதாம்மா."

இது நிறைவேறிவிட்டால், பெட்டியை மூடுவதற்குள் அப்பா முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம். கலியனோடு இறங்கிப் போனாள்.

வண்டிகளுக்கு நடுவே ஆதரவுக்கு ஒரு வெள்ளை ஹெல்மெட்டும் எதிர்ப்புக்கு ஒரு கறுப்பு ஹெல்மெட்டும் வைத்திருந்தார்கள். இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பகை வளரக் கூடாது என்று ஓட்டு முடிந்ததும் ஜெயித்ததா தோற்றதா என்பதை மட்டும்தான் சொல்வார்கள். எண்ணிக்கை செயலாளரின் நோட்டில் இருக்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் முதல் வேலையாக அதை வாசிப்பார்கள். சவ வண்டி டிரைவர் கூப்பிட, கலியன் நோட்டை நாசிக்கிலிருந்து வந்த ஹரீஷிடம் கொடுத்துவிட்டு கேட் பக்கம் போனார். ஹரீஷ் மராத்தியில் வாசித்தான். சதாரா, ஜெயசீலன் கொண்டுவந்த விதிமாற்றம். ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு ஐம்பத்திரண்டு.

ஃபியோனா இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். அதேதான்.

கேட்டருகே கலியனைப் பிடித்தாள்.

"ஒன்பதா அங்கிள்?"

அவர் நோட்டு இருந்த திசையைப் பார்த்தார். அதை யோசிக்காமல் கொடுத்துவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அம்பத்திரண்டு பேர் வேணாம்னுட்டாங்கன்னு அண்ணன்கிட்ட எப்படிம்மா சொல்றது? ஒரு சாவியில போச்சுன்னா, அடுத்த தடவை பாத்துக்கலாம்னு தெம்பா இருப்பாரேன்னு சொன்னேன்."

"அப்பா என்னைத்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சவ வண்டியின் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"நீங்க எதுல போட்டீங்க அங்கிள்?"

கலியன் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். அவள் மறுபடி கேட்கவில்லை.

பின்னால் சாவிகள் விழும் சத்தம் கேட்டது. வரிசையாக வந்து குனிந்து வெள்ளை ஹெல்மெட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்பு காலியாகவே கிடந்தது. செத்தவர் கேட்டதைக் கொடுக்க யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. அவள் ஒவ்வொருவராக அந்த முகங்களைப் பார்த்தாள். எல்லாருமே நன்றாக அழுதிருந்தார்கள்.

மேலே அம்மா பெட்டியருகே நாற்காலியில் தனியாக இருந்தாள்.

"சாவி போட்டாவளா?"

"போட்டாங்கம்மா. நிறைவேறிடுச்சு."

"கேட்டியளா?" என்று அம்மா பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கெங்க இருந்து வந்திருக்காவ பாரு. இம்புட்டு சிநேகிதம் அவுகளுக்கு. போன வருசமே முடிஞ்சிருக்கும். ஒத்த சாவி."

ஐம்பத்திரண்டு என்ற எண் ஃபியோனாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த நிமிடமே அவள் மேலிருக்கும் பழி போய்விடும். அம்மாவிடம் மிச்சமிருந்த ஜெயசீலனும் போய்விடுவார்.

"ஆமாம்மா. ஒத்த சாவிதான்" என்றாள்.

அம்மா நாற்காலியை அவளைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஃபியோனா தரையில் உட்கார்ந்து, வந்துபோனவர்களின் காலில் மிதிபட்டுக் கிடந்த ரோஜா இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.