பொறி பறக்குது

ஐந்து நட்சத்திர மதிப்பீடு என்றால் செழியனுக்கு வாயெல்லாம் பல். சென்னையிலிருந்து அவன் போட்ட சத்தத்துக்கு, விருதுநகரில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த மஹ்ரீன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அவர்களுடைய கம்பெனி, புது மின்சார ஸ்கேட்போர்டைக் கடைக்கு அனுப்புமுன் சிலரிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தது. பலகை செழியன் வடிவமைத்தது. அதை இயக்கும் ஆப் மஹ்ரீனுடையது.

“ஒருத்தர் ‘பிரேக் பிடிச்சா பொறி பறக்குது’ன்னு எழுதியிருக்கார். அப்படியே விளம்பரத்துல போட்டுடலாம்!”

பாராட்டு யாருக்குக் கசக்கும்? மஹ்ரீனும் சிரித்துக்கொண்டே முழுக் கருத்தையும் திறந்து படித்தாள்.

‘கம்பெனிக்குள்ள ரூம் ரூமாப் போய்வர நல்ல வசதி. போனைக் கேட்லயே வாங்கி வச்சுருவாக. அதுக்கப்புறம் தானாப் பிரேக் பிடிக்குது. பிடிச்சா பொறி பறக்குது! முனியராஜ், போர்மேன், அச்சங்குளம்.’

சிரிப்பு பாதியில் நின்றது. சாத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் அச்சங்குளத்தில் போனைக் கேட்டில் வாங்கி வைக்கிற கம்பெனி என்றால் பட்டாசுக் கம்பெனிதான். சாத்தூர்ப் பக்கம் ‘டம்’ என்று கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடி, புகை எந்தத் திசையில் என்று பார்த்து வளர்ந்தவள் அவள். செழியனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

அந்தத் தானாகப் பிடிக்கும் பிரேக் அவளுடைய யோசனை. போனை விட்டுப் பலகை தூரம் போனால் எவனோ திருடிக்கொண்டு போகிறான் என்று கணக்கு. விட்டுவிட்டுப் பிரேக் பிடித்து அவனை ஓடவிடாது. திருடனுக்கென்று வைத்தது, இப்போது வெடிமருந்து அறைகளுக்கு நடுவே இரும்போடு இரும்பை உரசிக்கொண்டிருக்கிறது. ஆப்பிலிருந்து நிறுத்தவும் முடியாது. போன் பக்கத்தில் இல்லாத பலகை யார் சொல்லையும் கேட்காது.

செழியனை அப்படியே விட்டுவிட்டு முனியராஜின் எண்ணுக்கு அடித்தாள். வெகுநேரம் மணி அடித்த பிறகு ஒரு கட்டைக் குரல் கேட்டது.

“வாட்ச்மேன் ஊர்க்காவலன் பேசுறேன். போர்மேன் உள்ள போயிட்டாக.”

“அண்ணாச்சி, அந்தப் பலகை வண்டியிலயா போனாக?”

“ஆமா, சின்னப்பிள்ளை கணக்கா சர்ருன்னு. நீங்க யாரு?”

“அதைச் செஞ்ச கம்பெனி. அதுல தீப்பொறி வருது அண்ணாச்சி! உருட்ட வேண்டாம், கையில தூக்கிட்டு வரச் சொல்லுங்க. ஓடுங்க!”

போன் மேசையில் விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. அதன்பின் தூரத்தில் பெண்கள் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சிரிப்பு நிற்காமல் இருந்தால் போதும் என்று மஹ்ரீன் அல்லாவைக் கூப்பிட்டாள்.

சிரிப்பு நின்றது.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். யுகம்போல ஒரு நேரம். பிறகு யாரோ போனை எடுத்தார்கள்.

“ஏம்மா, நாந்தான் முனியராஜ். அஞ்சு ஸ்டார் குடுத்தும் ஏன் இப்பிடி ஓட ஓட வெரட்டுறீக?”

“பொறி பறக்குதுன்னு எழுதியிருந்தீகளே...”

“அடப் பாவமே! பிரமாதமா இருக்குன்னு சொல்லுறதும்மா அது. நெசமாப் பொறி வந்தா அங்கன கொண்டு போவேனா? எம்புட்டு வருசமா மருந்துக்குள்ள கெடக்கேன்!”

மஹ்ரீனுக்கு வெட்கமாகிவிட்டது. உயிர் திரும்பி வந்ததில் அழுகையும் வந்தது. “சரி அண்ணாச்சி. எதுக்கும் அடியில திருப்பிப் பாத்துருங்க.”

சலித்துக்கொண்டேதான் பலகையைத் திருப்பினார். எதையோ நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி?”

“பிரேக்கு கருகிக் கெடக்கு தாயி.” குரல் உள்ளே போய்விட்டது. “அதைச் சுத்திப் பட்டாசுக்குப் போடுற அலுமினியப் பொடி அப்பியிருக்கு. வெயில்ல பொறி கண்ணுக்குத் தெரியலபோல. இப்பத்தான் மருந்து ரூம் வாசல்ல பிரேக் பிடிச்சுத் தடுமாறுனேன். அதைப் பாத்துத்தான் உள்ள மருந்து நெரப்பிக்கிட்டிருந்த குருவம்மா சிரிச்சா. என் வீட்டுக்காரி.”

தூரத்தில் பெண்கள் மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.