கருவாட்டு உப்பு

இந்தக் காலத்து மருமக்களுக்குக் கருவாடு நாறுகிறது. வெண்ணெயும் முட்டையும் போட்டுச் சுட்ட கறுப்புக் கேக் மட்டும் மணக்கிறது. கடல் தொழில் செய்து முடித்த ஜவுபருக்கு ஆத்திரம் அதில்தான். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் குடிவந்த மருமகன் மிஹ்லார், கூட்டாளிமார் வருகிறார்கள் என்று, முற்றத்தில் அவர் காயப்போட்ட கருவாடு முழுவதையும் போன வெள்ளிக்கிழமை குப்பையில் கொட்டிவிட்டான்.

இன்றைக்கு மகள் நுஸ்ஹா அவனுக்காகப் பிரவுணி என்ற அந்தக் கறுப்புக் கேக்கைச் சுட ஆயத்தமானாள். தட்டில் மாவை ஊற்றிவிட்டு அவள் ளுஹர் தொழப் போன நேரம் பார்த்து, கருவாட்டுக்கு மிஞ்சிய கல்லுப்பை மேலே தூவினார் ஜவுபர். கூடினால் மகளுக்குத் தெரிந்துவிடும் என்று இரண்டு கிள்ளோடு நிறுத்தினார். தின்னட்டும், நாக்குக் கரிக்கட்டும்.

பின்னேரம் மிஹ்லார் ஒரு துண்டை வாயில் போட்டான். ஜவுபர் அவன் முகத்தையே பார்த்திருந்தார்.

"உப்புத் தூவினயா நுஸ்ஹா? கொழும்பில இப்படித்தான் விக்கிறாங்க. நல்ல ருசி."

"நான் தூவல்லயே," என்ற நுஸ்ஹா வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கருவாட்டு உப்பு, மருமகன். நாறுதா?"

மிஹ்லார் இன்னொரு துண்டை எடுத்தான். "இல்ல மாமா. இனி நீங்களே தூவுங்க."

ஜவுபர் எழுந்து சாரனை உதறிக் கட்டினார்.

"கருவாட்டைக் கொட்டிப்போட்டு உப்பை நக்குறவன்ட நாக்கை ஆரு நம்புற?" என்று முணுமுணுத்தபடியே கடற்கரைப் பக்கம் நடந்தார்.