கண்ணாடியை இறக்காதீங்க மச்சான்

மையித்தைத் தூக்கிப் போகிற சந்தூக் பெட்டி பள்ளிவாசலில் இருந்து வந்துகொண்டிருக்கிறது, வாசலில் நிற்கிற வண்டியை யாராவது எடுங்கள் என்று தெருவில் குரல் கேட்டது. கடப்பேரியின் அந்தச் சந்தில் ஒரு மினி லாரி நின்றால் சைக்கிள்காரன்கூட யோசித்துத்தான் நுழைய வேண்டும். ராத்திரி யாரோ ஓட்டிவந்து விட்டுவிட்டுக் கொடுத்த சாவி முதாசிரிடம் இருந்தது. லாரியின் சொந்தக்காரர் சௌகத் அலி, அவனுடைய அக்கா புருஷன், கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார்.

கதவைத் திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த சூடு முகத்தில் அடித்தது. மணி பத்தரைதான் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி உச்சிவரை ஏற்றியிருந்தது. அதற்கு மேலே, ஞாயிற்றுக்கிழமை அவன் தன் கையாலேயே மாட்டிய டோர் வைசர், கறுப்பாக, புதுக்கருக்கு மாறாமல். மழை பெய்தாலும் கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி வைத்துக் காற்று வாங்கலாம் என்பதற்காக மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டை அது.

முதாசிர் கைப்பிடியைச் சுற்றினான். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஏற்றினான், மறுபடியும் இறக்கினான். எங்கேயும் இடிக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலமே இப்படித்தான் இறங்கியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். பின்னால் யாரோ ஹாரன் அடிக்கவும் வண்டியைக் கிளப்பித் தெருமுனைக்குக் கொண்டுபோனான்.

அவனுக்குக் குரோம்பேட்டையில் வண்டிச் சாமான் கடை. சீட் கவர், மிதியடி, வைசர், எல்லாம் உண்டு. வைசரில் இரண்டு ரகம். ஒன்று ஒட்டுகிறது, இன்னொன்று கண்ணாடி ஓடுகிற ரப்பர் பள்ளத்திலேயே செருகுகிறது. மச்சான் கேட்டது ஒட்டுகிற ரகம். அதுவும் போன மழைக்கே கேட்டார். நாளைக்கு, அடுத்த வாரம் என்று முதாசிர் இழுத்தடித்து, ஒருவழியாகக் கத்திரி வெயிலில்தான் வேளை வந்தது. அன்றைக்கு ஒட்டுகிறது கையிருப்பில் இல்லை. இரண்டு வருஷமாக விலை போகாத செருகுகிற ஜோடி ஒன்று பரணில் கிடந்தது. டேப் வெயிலுக்கு உரிந்துவிடும், ஒரு நாள் ஜிஎஸ்டி ரோட்டில் பறந்துபோய்ப் பின்னால் வருகிறவன் மூஞ்சியில் அடிக்கும், இதுதான் ஆயுசுக்கும் நிற்கும் என்று அவன் பேசிய பேச்சில் பொய் ஒன்றும் இல்லை. மச்சான் தலையாட்டினார். அவர் எப்போதுமே தலையாட்டுகிறவர்.

செருகின வைசர் பள்ளத்தில் படிய வேண்டும். அதுவரை கண்ணாடியை ஏற்றியே வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த சீட்டில் ஒரு நாள் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் முதாசிர் யாரிடமும் ஒரு நாள் என்று சொல்வதில்லை. ஒரு நாள் என்றால் வாசலைத் தாண்டியதும் இறக்குவார்கள், சிக்கிக்கொண்டது என்று திரும்பி வந்து கடையில் நின்று கத்துவார்கள். மூன்று நாள் என்றால்தான் ஒரு நாளாவது பொறுப்பார்கள். பத்து வருஷமாக எல்லோரிடமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது. அதே வாயோடுதான் மச்சானிடமும் சொன்னான்.

"புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் கண்ணாடியை இறக்காதீங்க மச்சான்."

பத்து வருஷத்தில் மூன்று நாளை மூன்று நாளாகவே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரகடத்தில் அட்டைப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வருகிற வழியில், படப்பை தாண்டி வண்டியை ஓரம்கட்டியிருக்கிறார். பின்னால் வேறு வண்டியில் வந்த துரை, அவரோடு பல வருஷமாக லோடு அடிக்கிறவன், இறங்கிப்போய்ப் பார்த்தபோது ஸ்டியரிங் மேல் தலை சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வெயில் என்றார்கள், வயசு என்றார்கள், சுகர் என்றார்கள்.

தெருமுனையில் முதாசிர் இறங்கியபோது துரை அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு கண்ணாடியும் ஏத்திகினு இருந்தாருண்ணா. கதவைத் தொறந்தா அடுப்பு மாதிரி கீது. இந்த வெயில்ல இன்னாத்துக்கு மூடினாருன்னுதான் புரியல." அவனே கொஞ்சம் யோசித்துப் பதிலையும் சொன்னான். "ஜல்லி லாரிங்க போற ரோடு. தூசிக்கு மூடியிருப்பாரு."

"இருக்கும்" என்றான் முதாசிர். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் வீட்டுக்கு நடந்தான். துரையே ஒரு வழியைக் காட்டினதும் அதில் புகுந்துகொண்ட தன்னை நினைத்து அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

குளிப்பாட்டிக் கபன் துணி கட்டியாகிவிட்டது. கடைசியாக முகம் பார்க்க வீட்டுப் பெண்களை விட்டார்கள். அக்கா குல்ஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரே மகள் அஃப்ஷான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா தம்பியைக் கையசைத்துக் கூப்பிட்டாள். சொல்லிவிட வேண்டும், மண்ணுக்குள் போகும் முன்னால் அக்காவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் போய் உட்கார்ந்தான்.

அவளே பேசினாள்.

"திங்கக்கிழமை ராத்திரி வந்தாரு. சட்டையைப் பிழிஞ்சா தண்ணி கொட்டும், அப்படி நனைஞ்சிருந்துச்சு. அந்தக் கண்ணாடியை இறக்கித் தொலைங்கன்னு சத்தம் போட்டேன். முதாசிர் புதன்கிழமை வரைக்கும்னு சொல்லியிருக்கான், அவன் தொழில் அவனுக்குத் தெரியாதான்னாரு. டாக்டர் சொன்னதை ஒரு நாள் கேட்டிருப்பாரா? நீ சொன்னா மட்டும் கேப்பாரு."

லாரிச் சாவி இன்னும் முதாசிரின் கையிலேயே இருந்தது.

"மூணு நாள் கட்டாயம் வேணுமாடா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அஃப்ஷானும் அவனைப் பார்த்தாள். ஒரு நாள் போதும் என்றுதான் சொல்ல வந்தான்.

"ஆமாக்கா. மூணு நாள் வேணும்."

அக்கா மெல்லத் தலையை ஆட்டினாள். துணியின் ஓரத்தை மச்சானின் கன்னத்தோடு ஒட்டிச் சரிசெய்தாள்.

"அப்ப நான்தான் அவரைச் சும்மா திட்டிட்டேன்" என்றாள். "மறுநாள் காலையிலகூட மூஞ்சி கொடுத்துப் பேசல."

இல்லைக்கா என்று அவன் வாயெடுப்பதற்குள் ஆண்கள் வந்து சந்தூக்கை இறக்கினார்கள். நேரமாகிறது என்றார்கள். அக்கா எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவன் முன்பக்கம் தோள் கொடுத்தான். கனமே இல்லாத மனிதர்தான். தனக்கு லேசாகட்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, பாரத்தைக் கொண்டுபோய் அக்காவின் தலையில் வைத்துவிட்டோம் என்று பள்ளிவாசல்வரை அவனுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மத்தியான லுஹர் முடிந்து, மையித்துக்கான ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். அதற்கு முன்னால் வீட்டு ஆள் ஒருவர் எழுந்து, இறந்தவருக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். மகன் இல்லாத வீடு. இமாம் முதாசிரைப் பார்த்தார்.

அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். நான்கு வரிசை. லாரிக்காரர்கள், தெருக்காரர்கள், அவனுடைய கடைக்கு வருகிறவர்கள்கூட இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

"எங்க மச்சான் சௌகத் அலி, தெரிஞ்சோ தெரியாமலோ, சொல்லாலயோ செயலாலயோ யாருக்காவது கஷ்டம் கொடுத்திருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

மன்னித்தோம், மன்னித்தோம் என்று வரிசைதோறும் குரல் எழுந்து அடங்கியது.

முதாசிர் அங்கேயே நின்றான். கூட்டம் காத்திருந்தது. இமாம் அருகில் வந்து, "இன்னும் ஏதாவது சொல்லணுமா தம்பி?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். முன்வரிசைக்குப் போனான். அங்கே நின்ற பெரியவர் ஒருவர், சௌகத்துக்கு ரொம்ப வேண்டியவன் என்று அவன் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்.